சுவரில் கோடு போட்டு இடம் ஒதுக்குகிறவர்களுக்கு

விளையாட்டு ஒதுக்கீட்டில் கூடைப்பந்து வீராங்கனைகளைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற ஆண்டு மே மாதம் உங்களில் ஒருவர் என் மாணவியை விளையாட்டுச் சாமான் அறையின் சுவரோரம் நிறுத்தினார். ஷூவைக் கழற்றச் சொன்னார். உச்சந்தலையில் மரஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். 175 செ.மீ. விண்ணப்பத்தில் அவள் தன் கையால் 'ஃபார்வர்டு' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'போஸ்ட்' என்று எழுதினார். அந்த நிமிடம் வரை அவள் பந்தைத் தொட்டிருக்கவில்லை. பந்துகள் உள்ளே பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அப்பாவும் நானும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். போஸ்ட் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். "கூடைக்கு அடியில் நிற்கிறவள்" என்றேன். "நல்லதுதானே, கூடைக்குப் பக்கத்திலேயே இருப்பாளே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கல்விக் கட்டணம் கிடையாது, விடுதி இலவசம் என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அந்தத் தாளை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு, மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அன்று விழுங்கியதைத்தான் இன்று எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. அவள் இன்னும் இரண்டு ஆண்டுகள் அங்கே படித்தாக வேண்டும். அதோடு, இது ஒரு கல்லூரியின் பழக்கமாக மட்டும் இருந்தால் நான் நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். என்னிடம் பயின்று ஒதுக்கீட்டில் சேர்ந்த பெண்கள் இதுவரை ஐந்து பேர். ஊர் வேறு, கல்லூரி வேறு. ஐவரில் ஃபார்வர்டு என்று எழுதிய நால்வரையும், சேர்ந்த முதல் வாரத்திலேயே கூடைக்கு முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் பெற்றோர்களும் படிப்பார்கள். ஆடுகளத்தில் ஐந்து பேர், ஐந்து இடம். ஒன்றும் இரண்டும் கார்டுகள். பந்தைக் கொண்டு வருகிறவர்கள், தூரத்திலிருந்து எறிகிறவர்கள். ஐந்து என்பது சென்டர், நம் பேச்சில் போஸ்ட். இடையில் இருக்கும் மூன்றும் நான்கும்தான் ஃபார்வர்டு. மூன்றாவது ஆள் வெளியே கூடையைப் பார்த்தபடி நிற்பாள். பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்வாள், தேவைப்பட்டால் நின்ற இடத்திலிருந்தே எறிவாள். நான்காவது ஆள் உள்ளேயும் போவாள், வெளியேயும் வருவாள். ஒரு ஃபார்வர்டை மூன்றில் ஆட விடுவதா, நான்கிலா, அவசரத்துக்கு ஐந்திலா என்பது நியாயமான விவாதம். அதில் உங்களோடு மணிக்கணக்கில் வாதாட நான் தயார். என் குறை, நீங்கள் அந்த விவாதத்தையே நடத்துவதில்லை என்பதுதான். ஸ்கேல் முடிவு செய்துவிடுகிறது.

டிசம்பரில் அவள் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம். சிமென்ட் தரை, வெள்ளைக் கோடுகளுக்கு அடியில், கூடைக்கு முன்னால் போடும் பழைய மஞ்சள் சரிவகம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. 2010-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அந்தச் சரிவகத்தைச் செவ்வகமாக்கி, மூன்று புள்ளிக் கோட்டையும் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளி வைத்தது. கோட்டின் மேல் புதுக் கோடு போட்டிருக்கிறீர்கள். ஆட்டம் மட்டும் மஞ்சள் கோட்டிலேயே நிற்கிறது.

கையில் நோட்டு வைத்திருந்தேன். அவள் களத்தில் இருந்தது 28 நிமிடம். பந்து அவள் கைக்கு வந்தது 13 முறை. அதில் எட்டு, கூடையில் விழாமல் திரும்பியதை அவளே எகிறிப் பிடித்த ரீபவுண்டுகள். மீதி ஐந்து முறைதான் அவளுடைய அணி அவளுக்குப் பந்து கொடுத்தது. போஸ்டுக்குப் பந்து கொடுப்பது எளிதான வேலை இல்லை, உங்களுக்குத் தெரியும். எதிராளியின் கைக்கு மேலே, சரியான கணத்தில், அவள் காட்டும் கைக்கு அனுப்ப வேண்டும். முதலாண்டுக் கார்டுகளுக்கு அது வராது. ஆகவே 28 நிமிடமும் அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரண்டாம் கால்பகுதி. இடப்பக்கம் ஒரு ரீபவுண்டைப் பிடித்தாள். முன்னால் ஆளில்லை. எதிரணியில் மூன்று பேர் இன்னும் நம் கூடைக்கு அடியிலேயே இருந்தார்கள். ஓரக்கோட்டை ஒட்டி முழு வழியும் திறந்து கிடந்தது. ஓராண்டுக்கு முன் எங்கள் ஊர் மைதானத்தில் இதே பெண் இடது கையால் நான்கு தட்டில் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பாள். அன்று ஒரு தட்டு தட்டினாள். ஓரத்திலிருந்து "கொடு, கொடு" என்று குரல் வந்தது. நின்றுவிட்டாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தைக் கொண்டு போகிற பாயிண்ட் கார்டு திரும்பி வந்து வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தாள். அதற்குள் எதிரணி ஐந்து பேரும் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் எறிய வேண்டும் என்ற ஆட்டத்தில் நம்மிடமே இருந்த மூன்று நொடியை நாமே எதிரிக்குக் கொடுத்தோம். அன்று தோற்றது ஐந்து புள்ளியில்.

ஆட்டம் முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். "அக்கா, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றால் சார் உட்கார வைத்துவிடுகிறார்" என்றாள். அழவில்லை, புகார் சொல்லும் குரலும் இல்லை. மெஸ்ஸில் இன்று என்ன குழம்பு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் பொறுக்கவில்லை என்றால், நானும் அந்தச் சுவரில் நின்றவள்தான்.

2002-இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது 174 செ.மீ. அணியில் என்னைவிட உயரமானவள் இல்லை. பள்ளியில் மாவட்ட அணிக்கு மூன்றாம் இடத்தில் ஆடியவள்; கல்லூரியில் மூன்றாண்டும் போஸ்ட். முதுகைக் கொடுத்து இடித்து இடம் பிடிப்பது, திரும்பி ஒரு சிறு எறிவு, விழுந்தால் சரி, விழாவிட்டால் மறுபடி எகிறுவது. நன்றாகவே செய்தேன். கோப்பைகள் வாங்கினோம். என் படம் இன்றும் அந்தத் துறையின் அலுவலகச் சுவரில் தொங்குகிறது என்று கேள்வி. இடுப்பு வலியும் இன்று வரை கூடவே இருக்கிறது, அது வேறு கதை.

படிப்பு முடிந்ததும் வேலைக்காக ஒரு நிறுவனத்தின் அணித் தேர்வுக்குப் போனேன். ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என்று கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு நம் ஊரில் சோறு போடுகிற இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒரு தடுப்பாளரை முன்னால் விட்டு, பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடு வரை போகச் சொன்னார்கள். முதல் முறை பந்து என் முழங்காலிலேயே பட்டு வெளியே போனது. இரண்டாம் முறை பிடுங்கிக்கொண்டார்கள். "உன்னை எங்கே ஆட வைப்பது?" என்று அந்தப் பயிற்சியாளர் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். "போஸ்ட், சார்" என்றேன். அவர் ஏற்கெனவே அணியில் இருந்த போஸ்டை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். என் தலை அவள் மூக்கு வரைதான் எட்டியது.

தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆறடி இரண்டு அங்குலம். இந்தியாவின் சென்டர். 2011-இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ-வின் அணிகள் சில தேர்வுக்கு அழைத்துப் பார்த்தன. போஸ்ட் என்ற சொல்லுக்கு மேல்மட்டத்தில் அதுதான் அளவு. கல்லூரிக்குள் நான் நெட்டைப் பனை; வாசலைத் தாண்டியதும் குட்டை. மூன்றாம் இடத்துக்கு என் உயரம் தாராளம், ஆனால் கை மறந்துவிட்டது. ஐந்தாம் இடத்துக்குக் கை பழகியிருந்தது, உயரம் போதவில்லை. 21 வயதில் எனக்கு எந்த இடமும் இல்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு ஆடுகளம். மாலையில் அதை ஆண்கள் அணியோடு பங்கு போட வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. தனியாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கிடையாது. கபடிக்கும் கைப்பந்துக்கும் தடகளத்துக்கும் நீங்கள் ஒருவர்தான். மண்டலப் போட்டியில் ஒரு சுற்றாவது தாண்டாவிட்டால், அடுத்த ஆண்டு இத்தனை இடம் எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். இந்த நிலையில் உயரமான பெண்ணைக் கூடைக்கு அடியில் நிறுத்துவதுதான் சீக்கிரம் பலன் தரும் வழி. இரண்டு வாரத்தில் போஸ்ட் ஆட்டத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வெளியே நின்று ஆடக் கற்றுக்கொடுக்க இரண்டு ஆண்டு வேண்டும்.

அதனால்தான் முழுதாக வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நம் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு-மூன்று ஜோன் வைத்துத்தான் தடுக்கிறோம்; முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளுக்கு ஆள் இல்லாமல் அவரவர் இடத்தைக் காப்பது. அந்தப் பின்வரிசையின் நடுவில் அவளை நிறுத்துங்கள், மறுக்கவே மாட்டேன். உயரம் அங்கேதான் பயன்படும். ஆனால் தடுக்கும்போது நிற்கிற இடமும் பந்து நம் கையில் இருக்கும்போது நிற்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. தடுப்பில் ஐந்து, தாக்குதலில் மூன்று. ரீபவுண்டைப் பிடித்தவளே பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பட்டும். கார்டுகள் இரு ஓரமும் ஓடட்டும். பத்து முறையில் மூன்று முறை பறிகொடுப்பாள். முதல் மாதம் ஐந்து முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மட்டும் என்ன, நின்று நின்று அந்த ஐந்தையும் எதிரிக்குத்தானே கொடுக்கிறோம்?

கல்லூரிக் கூடைப்பந்து என்றாலே அமெரிக்காவைக் காட்டுவீர்கள். சரி, அங்கேயே போவோம். டென்னஸி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கேண்டஸ் பார்க்கர் ஆறடி நான்கு அங்குலம். நம் கல்லூரியில் சேர்ந்திருந்தால் ஸ்கேல் எட்டாமல் நாற்காலி கொண்டுவரச் சொல்லியிருப்பீர்கள்; போஸ்ட் என்று எழுதியும் இருப்பீர்கள். பாட் சம்மிட் என்ற பயிற்சியாளர் அப்படி எழுதவில்லை. பார்க்கர் பெயர் பட்டியலில் ஃபார்வர்டு. ஆட்டத்தில் பந்தைக் கொண்டு வந்ததும் உண்டு, வெளியே நின்றதும் உண்டு, சென்டராக நின்றதும் உண்டு. 2007, 2008 இரண்டு ஆண்டும் டென்னஸி சாம்பியன். அதே 2008-இல் டபிள்யூஎன்பிஏ-வில் நுழைந்தவர், முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீராங்கனை என்ற இரண்டு விருதையும் ஒன்றாக வாங்கினார்.

டிரேமண்ட் கிரீனை எதிர்வாதமாகக் காட்டுவீர்கள் என்று தெரியும். ஒரு பயிலரங்கில் என்னிடம் காட்டியும் இருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆடிய ஃபார்வர்டு, ஆறடி ஆறு அங்குலம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சிக்கியவர் என்று சொல்லப்பட்டு 2012-இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்குக்கான புதுமுகத் தேர்வில் 35-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு கோல்டன் ஸ்டேட் அணி 2015 இறுதிப் போட்டியில் அவரைச் சென்டராக நிறுத்திக் கோப்பையை வாங்கியது. "பார்த்தீர்களா, குட்டையானவரும் போஸ்ட் ஆடலாம்" என்றார்கள். ஐயா, அவர் கூடைக்கு முதுகு காட்டி நின்றா ஆடினார்? நடுவில் பந்தை வாங்கி, திரும்பி, நாலாபுறமும் பார்த்துக் கார்டைப் போலப் பந்து பிரித்துக் கொடுத்ததால்தான் அந்தக் குட்டைச் சென்டர் எடுபட்டது. மேஜிக் ஜான்சன் கதையும் அப்படித்தான். ஆறடி ஒன்பது அங்குலம் இருந்தும் அவரைப் பாயிண்ட் கார்டாகவே வளர விட்டார்கள். 1980 என்பிஏ இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜபார் கால் அடிபட்டு ஆட முடியாமல் போனபோது, முதலாண்டு வீரரான அவர் சென்டராக இறங்கி 42 புள்ளி எடுத்தார். பந்தைத் தட்டத் தெரிந்தவரை ஒரு ராத்திரிக்குச் சென்டராக்க முடியும். மூன்றாண்டு சென்டராகவே நின்றவளை ஒரு ராத்திரிக்குக் கார்டாக்க முடியாது. இதற்கு என்னைவிடச் சாட்சி உங்களுக்கு வேண்டாம்.

மூவர் கூடைப்பந்தையும் யோசித்துப் பாருங்கள். டோக்கியோவில் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. அரை மைதானம், 12 நொடி, பத்து நிமிடம். மூன்று பேரில் ஒருவருக்குப் பந்து தட்ட வராது என்றால் அணியே இல்லை. உங்கள் போஸ்ட்டை அந்த ஆட்டத்தில் எங்கே நிறுத்துவீர்கள்?

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பெண் வந்தாள். 170 செ.மீ.தான். எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது என்ற வேகத்தில் ஓராண்டு முழுக்க அவளை வெளியிலேயே நிறுத்தினேன். வரவேயில்லை. பந்து தட்டினால் கண் தரையை விட்டு எழாது. ஒருநாள் தயங்கித் தயங்கி, "அக்கா, உள்ளே நின்றால்தான் எனக்கு ஆட்டம் புரிகிறது" என்றாள். சரி போ என்று விட்டேன். அரை மணி நேரத்தில் எல்லோரையும் சுற்ற வைத்தாள். இடி வாங்குவதற்கு அஞ்சாத உடம்பு, பஞ்சுபோன்ற கை. முதலில் சொன்ன ஐவரில் எஞ்சிய அந்த ஒருத்தி இவள்தான். அவளைப் போஸ்ட் ஆக்கிய கல்லூரி சரியாகவே செய்தது, விண்ணப்பத்தில் போஸ்ட் என்று எழுதியதும் அவளே. ஸ்கேலை வைத்து நீங்கள் செய்ததை, என் பழைய காயத்தை வைத்து நான் செய்தேன். ஓராண்டு போனது போனதுதான்.

ஆகவே, எல்லா ஃபார்வர்டையும் வெளியே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். கேட்பது இவை.

தேர்வு நாளில் முதலில் பந்தைக் கொடுங்கள். முழு மைதானமும் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இடதிலிருந்தும் வலதிலிருந்தும் பாய்ந்து, கூடைக்குப் பக்கத்தில் எகிறிப் பந்தைப் போடும் லே-அப் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பத்து எறிவு. மூன்றுக்கு மூன்று ஐந்து நிமிடம் ஆட விட்டு, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஒரு பெண்ணுக்கு இருபது நிமிடம் ஆகும். மூன்றாண்டுப் படிப்பைத் தீர்மானிக்கும் இருபது நிமிடம் அது. அந்தப் பெண் விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் இடத்தை மாற்ற வேண்டுமென்றால் அவளிடம் காரணம் சொல்லுங்கள். அவள் எதிரிலேயே சொல்லுங்கள். அப்பாவுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

ஃபார்வர்டு என்று எடுத்த முதலாண்டு மாணவிகளுக்குப் பயிற்சி நேரத்தில் பாதியாவது கூடையைப் பார்த்து நிற்கும் ஆட்டமாக இருக்கட்டும். ரீபவுண்டு எடுத்தவளே பந்தைக் கொண்டு போகலாம் என்ற அனுமதியை அணிக்கே பொதுவாக அறிவியுங்கள். ஓரத்திலிருந்து கத்துவதைப் பருவம் முழுக்க நிறுத்தி வையுங்கள். கோட்டுக்கு வெளியே நின்றதற்காக யாரையும் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். மோசமாக எறிந்தால் உட்கார வையுங்கள், அது நியாயம்.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை அவளை அழைத்து உட்கார வைத்து, படிப்பு முடிந்து வேலைக்கான தேர்வுக்குப் போகும்போது எந்த இடத்துக்கு என்று சொல்லிப் போவாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் உங்களுக்கும் சேர்த்துத்தான் அது கேள்வி.

என் மாணவியைப் பற்றித் தனியாக ஒன்று. விடுமுறைக்கு வந்திருக்கிறாள். தினமும் காலையில் வந்து இடது கையை மறுபடி பழக்கிக்கொண்டிருக்கிறாள், பாதி வந்துவிட்டது. ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல் பத்து நாள் பயிற்சி ஆட்டத்தில் அவளை மூன்றாம் இடத்தில் ஆட விடுங்கள். பத்து நாளும் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் போஸ்ட்தான் என்று உங்களுக்குத் தோன்றினால், ஏன் என்று அவளிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

இந்த ஆண்டுத் தேர்வுக்கு மூன்று பேரை அழைத்து வருகிறேன். இருவர் ஃபார்வர்டு. ஒருத்தி 177 செ.மீ., அளந்துதான் சொல்கிறேன், மறுபடி அளக்க வேண்டியதில்லை. பந்து அலமாரியின் சாவியை முந்தின நாளே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காலை மைதானத்தில் சொல்லிக் கொடுக்கும் ஒரு முன்னாள் போஸ்ட்